பீச்சாங்கை மகாராணி

அத்தானைப் பழிவாங்க அவளுக்கு மூன்று மழைக்காலம் ஆயிற்று. அவசரப்பட்டிருந்தால் ஒரே நாளில் முடித்திருக்கலாம். நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிட்டு, அக்காவோடு சண்டை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதிருக்கலாம். ஏன், அதையும்தான் செய்து பார்த்தாளே! ஒன்றும் பலிக்கவில்லை. அதற்கப்புறம்தான் பொறுமை என்றால் என்னவென்று கற்றுக்கொண்டாள்.

அவள் தொழில் பல் செட் கட்டுவது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்ப வேண்டும். முன்பின் தெரியாதவர்களின் ஈறுகளோடு பகல் பூராவும் குடித்தனம். அதனால்தானோ என்னவோ, காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் கடற்கரையில் குனிந்தபடி நடப்பது அவளுக்கு உயிர். இருபது வருஷமாகக் கிளிஞ்சலும் சோழியும் சங்கும் பொறுக்குகிறாள். பொறுக்கியதைப் பல் சுரண்டும் ஊசியால் சுத்தம் செய்து, எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது என்று துண்டுச் சீட்டு எழுதி வைப்பாள். சீட்டு இல்லாத ஓடு அவளைப் பொறுத்தவரை குப்பை.

அத்தானுக்கும் அதே பைத்தியம். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவருக்குக் கிளிஞ்சலுக்கும் கூழாங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. கற்றுக் கொடுத்ததே இவள்தான். துறைமுகத்தில் பார்சல் எடை போடும் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், கிளிஞ்சல் சேகரிப்போர் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டார். எல்லோரும் அவரை 'கேப்டன்' என்று கூப்பிட்டார்கள். கேப்டன் வாழ்நாளில் கப்பல் ஏறியதே இல்லை. படகில் ஏறினால்கூட வாந்தி எடுப்பார். அவர் பொறுக்கி வந்ததை எல்லாம் உட்கார்ந்து சுத்தம் செய்து கொடுத்ததும் இவள்தான்.

ஒரு பெரும்புயலுக்கு மறுநாள் காலை, பாசிக் குவியலுக்கு அடியில் அவளுக்கு அது கிடைத்தது. கட்டைவிரல் நீளத்தில் ஒரு கூம்புச் சங்கு, தேன் நிறம், மேலே பழுப்புக் கோடுகள். எடுத்ததும் அதன் வாயைத்தான் பார்த்தாள். நுனியை மேலே பிடித்தால் அந்த வகைச் சங்குக்கு வாய் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆயிரம் எடுத்தாலும் ஆயிரமும் வலப்பக்கம்தான். இதற்கு இடப்பக்கம் இருந்தது. இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் பார்த்தாள். "அடி என் பீச்சாங்கை மகாராணி!" என்று கடலுக்குக் கேட்கும்படி கத்தினாள். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓடினான்.

அன்றைக்கே அதை அத்தானிடம் காட்டியதுதான் அவள் செய்த மடத்தனம்.

"ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும்மா. ஒட்டு வேலை ஏதாவது இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டுத் தரேன்" என்றார்.

வாரம் மாதமாயிற்று. அதற்குள் பேப்பரில் படம் வந்துவிட்டது. உள்ளங்கையில் மகாராணியை ஏந்திக்கொண்டு கேப்டன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷத் தேடலுக்குக் கிடைத்த பலன் என்று கீழே போட்டிருந்தது. அவள் எழுதிய சீட்டைக் காணோம். புதிதாக ஒரு சீட்டு, எடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

பேப்பரைக் கசக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அத்தான், எனக்கு அந்த ஓடுகூட வேணாம். நீங்களே வெச்சுக்கங்க. இதை எடுத்தது இவதான்னு ஒரே ஒரு வார்த்தை சங்கத்துல சொல்லிடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எடுத்தேங்கறதுக்கு யாரு சாட்சி? அன்னிக்கு நானும்தான் கடற்கரைக்குப் போயிருந்தேன். என் கால்ல தட்டுச்சு, நான் எடுத்தேன்."

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒரு ஓட்டுக்குப் போய் ஏண்டி இப்படிக் குதிக்கிற? விட்டுத் தொலையேன்" என்றாள். அதற்கு இவள் ஏதோ சொல்ல, அக்கா பதிலுக்குச் சொல்ல, வார்த்தை தடித்தது. சங்கத்திலும் போய் முறையிட்டாள். கேப்டன் பொய் சொல்வாரா என்று கேட்டார்கள். பொறாமையில் பேசுகிறாள் என்று ஒருத்தர் அவள் காதுபடவே சொன்னார். அன்றைக்குத்தான் குப்புறப் படுத்து அழுதது.

அழுது முடித்து முகம் கழுவியபோது அவளுக்குள் ஏதோ உறைந்துவிட்டது. இந்த ஆள் தன் வாயால், நாலு பேர் முன்னால், அது இவளுடையது என்று சொல்ல வேண்டும். சொல்கிற வரைக்கும் விடுவதில்லை. அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வாய்ப்பை அத்தானே கொண்டு வந்து கொடுத்தார். வெட்கம் மானம் பார்க்கிறவராக இருந்தால் அவளிடம் யோசனை கேட்டு வந்திருப்பாரா? நாலு மாதம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி அவள் பல் கட்டும் லேபுக்கு வந்து, பிளாஸ்டர் தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, நானூறு ஓடு சேர்ந்திருக்கு. எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கிற மாதிரி பெரிய அலமாரி ஒண்ணு அடிக்கலாம்னு இருக்கேன். ஸ்டீல்ல செய்யவா, மரத்துல செய்யவா?"

அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தி ஒரு விநாடி நின்றது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் ஒரு மர அலமாரி இருந்தது. மூடிய இழுப்பறைகளில் அறுபது ஓடுகள். ஒரு மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சை என்று நினைத்துத் துடைத்தாள். ஓடே மாவாக உதிர்ந்தது. அமிலமும் சுண்ணாம்பும் அவள் தொழிலிலேயே புழங்குகிறவை. மோந்து பார்த்ததுமே புரிந்துவிட்டது. மரத்திலிருந்தும் பிளைவுட் பசையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு புளிப்பு ஆவி கிளம்புகிறது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஈரமும் சேர்ந்தால் அந்த ஆவி ஓட்டின் சுண்ணாம்பை மெல்ல மெல்லத் தின்றுவிடும். இத்தனை வருஷம் பொறுக்குகிறவள் இப்படி ஏமாந்தாளே என்று சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டு அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து லேபில் மிச்சமான ஸ்டீல் தட்டுகளில்தான் ஓடுகளை வைக்கிறாள்.

"மரம்தான் அத்தான் ராயலா இருக்கும்" என்றாள். "ஸ்டீல்ல வெச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். உள்ளே புது பிளைவுட் போடச் சொல்லுங்க. தூசி போகாம சுத்தியும் சிலிகான் பசை வெச்சு இறுக்கமா அடைச்சுடுங்க."

"வினிகர் வாடை அடிக்குமே, அந்தப் பசையா?"

"அதுதான். வாடை ரெண்டு நாள்ல போயிடும்."

அத்தானுக்கு வாயெல்லாம் பல். "இதுக்குத்தான் உன்னைக் கேட்கணும்கிறது!" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவள் அன்றைக்கு நட்டுக்கொண்டிருந்த பல் வரிசை கோணலாகப் போயிற்று. திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

அலமாரி வந்தது. ஆளுயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, பூட்டு. நடுத்தட்டில் சிவப்பு வெல்வெட்டின் மேல் மகாராணி. கதவைத் திறந்து மூடும்போது புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. அவளுக்கு அது சந்தன வாடையாக இருந்தது. அக்கா வீட்டோடு ராசியாகிவிட்டாள். அக்காவுக்கு ஒரே சந்தோஷம், தங்கச்சி மனசு மாறிவிட்டாள் என்று. மாதம் ஒரு முறை போவாள், டீ குடிப்பாள், அலமாரிக்கு முன்னால் நின்று, "ஆகா, என்ன அம்சம்!" என்பாள்.

முதல் மழைக்காலம் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது அத்தான் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா இது, சிலதுல வெள்ளையா இருக்கு?"

"கடல் உப்பு அத்தான், கொஞ்சம் பூக்கும். தொட்டுடாதீங்க, தொட்டா பளபளப்பு போயிடும். கதவை அடிக்கடி திறக்காதீங்க."

பொய் சொல்லச் சொல்ல அவளுக்கு நாக்கு பழகிவிட்டது. கூசவே இல்லை என்றால் அதுவும் பொய். ஆனால் அவர் தலையாட்டியதைப் பார்த்ததும் கூச்சம் பறந்துவிட்டது.

ஒரு நாள் அக்காவும் அத்தானும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அலமாரிக் கண்ணாடியை உள்பக்கமும் துடைத்து வைக்கச் சொல்லி அத்தான் அவளிடமே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கதவைத் திறந்தாள். மகாராணியின் உதட்டோரத்தில் வெள்ளை முளைவிட்டிருந்தது. கோடுகள் இரண்டு இடத்தில் மங்கிப் போயிருந்தன. கையில் எடுத்தாள். இப்போது கொண்டு போனால்கூடக் காப்பாற்றிவிடலாம். நல்ல தண்ணீரில் ஊற வைத்து, உலர்த்தி, ஸ்டீல் தட்டில் வைத்தால் போதும். இதே நிறத்தில் சாதாரணச் சங்கு ஒன்றை வாய் தெரியாமல் கவிழ்த்து அங்கே வைத்துவிட்டுப் போனால் அந்த மனுஷனுக்கு வித்தியாசம்கூடத் தெரியாது.

வெகு நேரம் நின்றாள். எடுத்துக்கொண்டு போனால் அவள்தான் திருடி. அவளுடைய பொருளுக்கே அவள் திருடியாக வேண்டுமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றவன் கேப்டனாகவே இருந்துவிட்டுப் போவானா? "மன்னிச்சுக்கடி, மகாராணி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, அதே வெல்வெட்டின் மேல் வைத்துக் கதவைப் பூட்டினாள். கண்ணாடியைத் துடைத்தாள். நன்றாகவே துடைத்தாள்.

மூன்றாவது மழைக்காலம் முடிந்த கையோடு அத்தான் அறிவித்தார்: நானூறு ஓடுகளையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் போகிறார். ஒரு அறைக்கே அவர் பெயரை வைக்கப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக் கூடத்தில் இருபது நாற்காலி போட்டார்கள். சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். அருங்காட்சியகத்திலிருந்து வந்த அம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு, பட்டியலும் பேனாவுமாக அலமாரி முன்னால் நின்றார். அவள் கடைசி வரிசையில் உட்காரவில்லை. முன்வரிசையில், அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அத்தான் கதவைத் திறந்தார். அந்த அம்மாள் முதல் சங்கை எடுத்தார். கையுறையில் மாவு மாதிரி ஒட்டியது. இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதையும் எடுத்தார். அப்புறம் அலமாரிக்குள் தலையை நீட்டி மோந்து பார்த்தார்.

"சார், புளிச்ச வாடை அடிக்குதே. மரத்துல வெச்சு, பசையும் போட்டு அடைச்சீங்களா? எல்லா ஓட்டையும் ஆவி அரிச்சிருக்கு. இதை எதையும் எங்களால எடுத்துக்க முடியாது."

"உப்பும்மா... வெறும் உப்பு. துடைச்சா போயிடும்" என்று அத்தான் ஒரு சோழியைச் சட்டையில் தேய்த்தார். தேய்த்த இடம் அவர் விரலோடு வந்தது.

அத்தானின் முகம் பிளாஸ்டர் அச்சு மாதிரி வெளுத்துப் போயிற்று. அவளுக்கு உச்சந்தலை வரை குளிர்ந்தது. இதற்காகத்தானே மூன்று வருஷம் டீ குடித்தாள்!

"யாரு சார் இப்படி வைக்கச் சொன்னது?" என்றார் அந்த அம்மாள்.

"இவதான்!" அத்தானின் விரல் அவளை நோக்கி நீண்டது. "மரம்னதும் இவ, பசைன்னதும் இவ, உப்பு, தொடாதீங்கன்னதும் இவ!"

"உங்களுக்கு இது தெரியாதாம்மா?"

இந்தக் கேள்விக்கு அவள் மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. ஐயோ எனக்குத் தெரியாதே என்று கண்ணை அகல விரித்தால் போதும். யாரும் சந்தேகப்படப் போவதில்லை. ஆனால் தலைவிதி என்று அத்தான் நாலு நாள் புலம்பிவிட்டு எழுந்து போய்விடுவார். யார் கொடுத்த அடி என்று தெரியாமலே போய்விடுவார்.

"தெரியும்" என்றாள். "என்னோட அறுபது ஓடு இப்படித்தான் போச்சு. தெரிஞ்சுதான் சொன்னேன்."

அக்கா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி பாவி? ஏண்டி இப்படிப் பண்ண?"

"என்னைக் கேட்காதேக்கா. அவரைக் கேளு."

அத்தானுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நடுத்தட்டில் கையை விட்டார். "ஒரே ஒரு ஓட்டுக்காகவா? ஒண்ணே ஒண்ணுக்காக என் நானூறையும் நாசம் பண்ணிட்டியேடி! இந்தா, எடுத்துக்க! உன் எழவு ஓட்டை நீயே கட்டிக்கிட்டு அழு!"

மகாராணி அவள் காதோரமாகப் பறந்து சுவரில் மோதிக் கீழே விழுந்தது.

அந்தச் சத்தம் அடங்கியதும், சங்கத்தின் பழைய உறுப்பினரான மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "கேப்டன், இப்ப என்ன சொன்னீங்க? 'உன் ஓடு'ன்னா? அந்தப் பேப்பர்ல வந்ததா?"

"கோபத்துல... வாய் தவறி..."

"வாய் தவறலை கேப்டன். மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் சரியா வந்திருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அருங்காட்சியகத்து அம்மாள் பட்டியலைப் புரட்டி, மகாராணிக்கு நேரே எடுத்தவர் என்ற கட்டத்தில் இருந்த பெயரை ஒரே கோடாக அடித்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

அவள் சொன்னாள். தப்பாக எழுதிவிடப் போகிறார்களே என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அத்தானுக்குக் கேட்கும்படி சொன்னாள். பிறகு மண்டியிட்டுச் சுவரோரம் கிடந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஆறு துண்டு இருந்தது. மிச்சம் தூளாகப் போயிருந்தது. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"இப்பத் திருப்தியா?" என்றாள் அக்கா. குரலில் தங்கச்சி என்கிற பாசம் துளியும் இல்லை. "இனிமே இந்த வாசப்படி ஏறாதே."

"திருப்திதான்க்கா" என்றாள். நிஜமாகவே திருப்தியாகத்தான் இருந்தது.

அருங்காட்சியகத்து அம்மாள் பக்கத்தில் வந்து குனிந்தார். "கடைசியா ஒரு கட்டம் இருக்கும்மா. ஓட்டோட இப்போதைய நிலைமைன்னு. என்ன போட?"

"உடைஞ்சதுன்னு போடுங்க." அவள் துண்டுகளை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு எழுந்தாள். "உடைச்சது யாருன்னு போட இடம் இருந்தா, எங்க ரெண்டு பேர் பேரையும் போடுங்க."