மாத்திரையா, கருவியா

பட்டறைக்காரருக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் நாற்காலியைத் திட்டினார், மின்விசிறியைத் திட்டினார், டோக்கன் கூப்பிடும் நர்ஸைத் திட்டினார். வேறு ஆள் கிடைக்காமல் போனதும் மகள் பக்கம் திரும்பினார்.

"மயக்கமாம் மயக்கம்! விடிய விடிய செல்போனை நோண்டிக்கிட்டுக் கிடந்தா வேற என்ன வரும்?"

"மூணு தடவை விழுந்திருக்கா. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க மாமா," என்றாள் சித்தி.

சித்தி அவருடைய தம்பி மனைவி. புருஷன் செத்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. பெண்ணின் அம்மா கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து பிள்ளையை வளர்த்தவள் இவள்தான். வாய் நிறைய மாமா என்று கூப்பிடுவாளே தவிர, அந்த மாமாவைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கும் அப்படித்தான். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரையும் கட்டிப் போட்டிருந்தது அந்தப் பெண் ஒருத்தி மட்டுமே.

பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது. எல்லாரும் அவளைப் 'பொறி' என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்டிங்கில் அவள் கை அப்படி. ஜன்னல் கம்பியில் அவள் வைத்த ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது. பட்டறையின் பாதி வேலை அவள் தலையில்தான். அந்தத் தலை மூன்று மாதத்தில் மூன்று தடவை தரையில் மோதிவிட்டது.

டாக்டரம்மா ஈசிஜி காகிதத்தை மேசையில் விரித்தார்.

"எப்பெப்ப விழுந்தே?"

"ஒரு தடவை அலாரம் அடிச்சப்ப. ஒரு தடவை காலிங் பெல். போன வாரம் யாரோ இரும்புத் தகடைக் கீழே போட்டாங்க, அப்ப."

"திடீர் சத்தம். இது பசி மயக்கம் இல்லம்மா. இதயத்துல ஓடுற மின்சாரத்துல கோளாறு. திடுக்கிட்டா துடிப்பு தாறுமாறா ஓடுது, மூளைக்கு ரத்தம் போகல, விழுந்துடறே. இதுவரைக்கும் தானா சரியாயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் ஆகும்னு சொல்ல முடியாது."

பொறி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை தினமும் போடணும், அதுல பேச்சே இல்ல. அது மட்டும் போதுமா, இல்ல நெஞ்சுல தோலுக்கு அடியில ஒரு கருவியும் வைக்கணுமாங்கறதுதான் கேள்வி. துடிப்பு தடம் மாறினா அது ஒரு ஷாக் கொடுத்து நேராக்கும். ஆனா வச்சதுக்கப்புறம் வெல்டிங்கை விட்டுடு. அந்தக் கரண்ட் கருவியைக் குழப்பிடும்."

பொறியின் முகத்தில் ஈயாடவில்லை.

"மாத்திரையே போதும்," என்றார் பட்டறைக்காரர்.

"அதை நீங்க முடிவு பண்ணிட்டா நான் எதுக்கு?" டாக்டரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு செத்திருக்காங்களா?"

"யாரும் இல்ல."

கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது. ஆமாம், யாரும் இல்லைதான் என்று சித்தியும் தலையாட்டப் போனாள். ஆனால் அந்தத் தகடு அவள் மனதில் சிக்கிக்கொண்டது.

"என் வீட்டுக்காரர் இருபத்தாறு வயசுல போயிட்டார் டாக்டர். பட்டறையில ஏணி மேல நின்னாராம், கீழே யாரோ தகடைப் போட்டாங்களாம், அப்படியே விழுந்துட்டாராம். ஆனா அது குடி. வாயெல்லாம் நாத்தம்."

சொல்லும்போதே அவளுக்கு உடம்பு கூசியது. இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த மனிதன் அல்லவா? துப்பாத குறையாகப் பிணத்தைத் திட்டினாள் அன்றைக்கு.

"பழசை எதுக்கு இப்பக் கிளறுறே?" எரிந்து விழுந்தார் பட்டறைக்காரர். "குடிகாரன், விழுந்தான், செத்தான். நீங்க மாத்திரையை எழுதுங்க டாக்டர்."

"குடிச்சிருந்தா வேற விஷயம். குடிக்காம விழுந்திருந்தா இவளை வெறும் மாத்திரையோட அனுப்ப மாட்டேன். நிச்சயமா குடிச்சிருந்தாரா?"

"நிச்சயமா."

டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். பொறிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நாளைக்கே வேலைக்குப் போகலாமா?"

"ஒரு வாரம் போகட்டும். உயரத்துல ஏறாதே, தனியா இருக்காதே."

"மறுபடி விழுந்தா?"

"எழுந்தா, உடனே வா."

டாக்டரம்மா சீட்டை நீட்டினார். வாங்கக் கையை நீட்டிய பட்டறைக்காரர் வாங்கவில்லை. கை பாதி வழியில் நின்றது.

"கருவியே வைங்க," என்றார். "அவன் குடிக்கல."

டாக்டரம்மா சீட்டை மேசையில் வைத்தார்.

"சேஃப்டி பெல்ட் இல்லாம அவனை ஏணியில ஏத்தினது நான். விசாரணைன்னு வந்தா பட்டறையைப் பூட்டிடுவாங்க. அதான்... விழுந்து கிடந்தவன் வாயில நான்தான் சாராயத்தை ஊத்தினேன். சட்டையிலயும் ஊத்தினேன்."

சித்தி நாற்காலியை விட்டு எழுந்தாள். "ஊத்தும்போது உயிர் இருந்துச்சா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"பார்க்கல."

"அடப்பாவி!" மாமா மரியாதையெல்லாம் அந்த நொடியோடு போயிற்று. "குடிச்சுட்டுச் செத்தவனுக்கு எதுக்கு அழணும்னு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே! இன்னிக்கு வரைக்கும் விடலையே!"

டாக்டரம்மா சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் படிவத்தை எடுத்தார். பட்டறைக்காரர் பேனாவுக்குக் கை நீட்டினார். பொறி அதைத் தள்ளிவிட்டுத் தானே கையெழுத்துப் போட்டாள். அழுத்திய அழுத்தில் காகிதம் கிழியப் பார்த்தது. விட்டுக்கொடுக்கப்போகும் தொழிலை நினைத்தா, அப்பாவை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை. நோயாளியுடன் இருப்பவர் என்ற இடத்தில் சித்தியின் பெயரை எழுதினாள்.

"இது ரத்தத்துல வர்றது," என்று டாக்டரம்மா பட்டறைக்காரரைப் பார்த்தார். "உங்களுக்கும் இருக்கலாம். நீங்களும் ஈசிஜி எடுத்துடுங்க."

"எனக்கு எதுக்கு? நான் இருந்து என்ன ஆகப்போகுது?"

சித்தி அவர் சட்டைக் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் தள்ளினாள்.

"போய் எடுய்யா. நீ லேசுல செத்துடக் கூடாது. இருபத்தொரு வருஷமா அவரைத் திட்டினேனே, அத்தனையும் இனி உன்னைத் திட்டணும்."