ஷீலான் இருக்கும் படம்

என் அண்ணி பெரிகானிடம் மகளின் ஒரு படம்கூட இல்லை. எங்கள் குர்து ஊரான ஹலப்ஜாவில் ஈராக் அரசாங்கத்தின் விமானங்கள் விஷப்புகை போட்ட அன்று, ஓடுகிற கூட்டத்தில் ஷீலானின் கை அவள் கையிலிருந்து நழுவிவிட்டது. அண்ணி மயங்கி விழுந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஈரானிய மருத்துவமனையில் கண் விழித்தாள். ஊர் திரும்பியபோது ஆறு வயதுப் பிள்ளையை மற்றவர்களோடு ஒரே குழியில் புதைத்திருந்தார்கள். வீட்டை அரசாங்கப் பட்டாளம் இடித்துப் போட்டிருந்தது. உள்ளே இருந்த படங்களும் மண்ணோடு போயின.

வருடங்கள் ஓடின. ரொட்டி சுடும்போது திடீரென்று கேட்பாள்: “அவ மூக்கு எப்படி இருக்கும், சொல்லேன்.” நான் சொல்வேன். “நீ சொல்றது வேற யாரோ பிள்ளை மாதிரி இருக்கு” என்பாள். கடைத்தெருவில் ஆறு வயதுப் பெண்ணைக் கண்டால் பின்னாலேயே கொஞ்ச தூரம் போவாள். என் அண்ணன் ஸோராப் மகளின் பெயரையே எடுப்பதில்லை.

ஊரில் புதிதாக ஒரு படக்கூடம் திறந்தார்கள். தாக்குதலுக்கு மறுநாள் வந்த ஈரானியப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த படங்கள். அதில் ஒன்று ஷீலான் மாதிரி இருப்பதாக மாவு மில்லில் யாரோ சொல்ல, அண்ணி நேராக வந்து அண்ணனிடம் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். திறந்த அன்னைக்கே பார்த்தேன்.”

“ஏன் சொல்லல?”

“அவ இருக்கிற கோலம் அப்படி. வீட்டுல ஒருத்தர் பார்த்தது போதாதா?”

“உங்களுக்கு முகமாவது இருக்கு. எனக்கு அதுவும் மறந்து போச்சு.”

மறுநாள் நானும் அவளும் போனோம். ஒரு வாசல்படியில் ஷீலான் கிடந்தாள். கண் மூடவில்லை. உதட்டில் நுரை காய்ந்திருந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அண்ணி திருப்பவில்லை. கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்கு நெருங்கி, நெற்றி, புருவம், காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இந்தக் கை யாரோடது?” என்றாள்.

பிள்ளையின் கன்னத்தில் ஒரு கை இருந்தது. பக்கத்துத் தெரு ஹனார். புகை படாமலிருக்கத் தன் முக்காட்டைப் பிள்ளைமேலும் இழுத்துப் போர்த்தியபடியே செத்திருந்தாள்.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “தனியா அழுதுகிட்டே போயிட்டாள்னு இத்தனை வருஷமா நினைச்சேன்டி.”

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் தண்ணீர் கொண்டு வந்தார். “பார்க்கிறவங்களுக்குத் தூக்கம் வரலையாம் அக்கா, புகார் வருது. நீங்க சொன்னா இன்னைக்கே இறக்கிடறேன்.”

“சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வராதீங்க. பெரியவங்க பார்க்கட்டும். இப்படி எதுவும் நடக்கலன்னு சொல்றவன் இன்னும் இருக்கான். அவனுக்கு என் பொண்ணை விட்டா வேற யாரு பதில் சொல்லுவா?”

படம் இறங்கவில்லை. அண்ணி அடிக்கடி போனாள். அண்ணன் கூடவே வந்து, எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். பனி கொட்டிய ஒரு நாள் கடை மூடியிருந்ததால் உள்ளே வந்தான். படத்துக்கு எதிரே போய் நின்றான். கறுப்பு வெள்ளைப் படம் அது.

“அந்தச் சட்டை பச்சை” என்றான் மெல்ல.

“மஞ்சள்.”

“சுலைமானியா கடைத்தெருவுல வாங்கினது நான். பச்சை.”

“துவைச்சது நான்தானே. மஞ்சள்.”

“ஷீலானுக்கு மஞ்சளே பிடிக்காது.”

வீடு வரைக்கும் சண்டை ஓயவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.