ஷிப்ட் என்று எழுதியிருந்தது

காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது லேத்தில் தொங்கிய அட்டைதான். மஞ்சள் அட்டை. நடுவில் 'ஷிப்ட்' என்று இங்கிலீஷில் டைப் அடித்து, கீழே ஆபீஸ் முத்திரை. பதினேழு வருஷமாக அந்த லேத்தை ஓட்டுகிறவர் அவர். பட்டறையில் அவரைக் கூப்பிடுவதே 'பெரிய லேத்' என்றுதான். மெஷினுக்கும் ஆளுக்கும் ஒரே பேர்.

அந்த ஒரு வார்த்தையைப் படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் அவருக்குத் தெரியும். பட்டறையில் மெஷினை நகர்த்துவதற்கு இரண்டு வார்த்தை உண்டு. ஷிப்ட் என்றால் இந்தக் கொட்டகையிலிருந்து பக்கத்துக் கொட்டகைக்கு. மெஷின் போய் உட்கார்ந்ததும் ஆளும் போய் நின்றுகொள்ளலாம். டிரான்ஸ்ஃபர் என்றால் மெஷின் கேட்டைத் தாண்டிவிடும். ஓட்டினவனுக்குக் கூடவே போக ஒரு இடமோ, இங்கேயே வேறொரு மெஷினோ எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்று யூனியன் மல்லுக்கட்டி ஒப்பந்தத்தில் ஏற்றி வைத்திருந்தது. ஷிப்டுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மெஷின் மறுபடி ஓடும்வரை வீட்டில் இருக்கச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்.

கிரைண்டிங்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் போட்டுக்கொடுத்தார். கிரைண்டிங் மெஷினை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. இன்னும் பத்து நாள், இன்னும் பத்து நாள் என்றே ஆபீஸ் ஆறு மாசத்தை ஓட்டியது. இப்போது அவர் ஏதோ ஒரு கோடவுனில் மூட்டை தூக்குகிறார்.

தாளைக் கொண்டுவந்தது சொந்த மச்சினன். பெண்டாட்டியின் தம்பி. காலில் விழாத குறையாகக் கேட்டு இவர்தான் அவனை ஆபீசில் கிளார்க்காகச் சேர்த்துவிட்டிருந்தார். புதுக் கொட்டகையில் தரை காய வேண்டும், பத்தே நாள் என்றான். பன்னிரண்டு மணிக்குள் தாள் மேலே போக வேண்டுமாம். பேசும்போது இவர் முகத்தைப் பார்க்காமல் லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற 'சக்'கையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று இவரும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஆபீசுக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அப்புறம் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கண் மட்டும் மெஷினைப் பெயர்க்க வந்திருந்த நான்கு பேர் மேலேயே இருந்தது.

பக்கத்துக் கொட்டகைக்கு என்றால் அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி உருட்டிக்கொண்டு போவார்கள். இவர்கள் ஒரு குழாய்கூடக் கொண்டுவரவில்லை. ஒருவன் கியர் பெட்டியிலிருந்து ஆயிலைச் சொட்டுவிடாமல் வடித்தான். இன்னொருவன், மழையில் கிடக்கப்போகிற இரும்புக்கு அப்புகிற மாதிரி கிரீஸை அப்பினான். தரை போல்ட்டை ஸ்பானர் போட்டுக் கழற்றினால் அதே போல்ட் அடுத்த இடத்துக்கு ஆகும். அவர்கள் போல்ட்டை அறுத்தெறியக் காஸ் கட்டரைப் பற்றவைத்தார்கள்.



அந்த நான்கு பேரின் மேஸ்திரியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். ஸ்பானர் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, போல்ட்டைக் காப்பாற்றும்படி யாரும் சொல்லவில்லை என்றார் மேஸ்திரி.

"எங்க போகுது?"

"தூக்கி ஏத்திவிடறது என் வேல. போற எடத்த லாரிக்காரன்கிட்ட கேளுங்க."

"பக்கத்துக் கொட்டகைக்கு எதுக்குய்யா லாரி?"

மேஸ்திரி சிரித்தார். "அத உங்க ஆபீஸ்ல கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லி என் பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்க."

மாடிப்படி ஏறும்போது, மச்சினனுக்கே தெரியாமல் இருக்கலாம் என்று ஒரு படியில் நினைத்தார். தெரியாமல் எப்படி இருக்கும், டைப் அடித்ததே அவன்தானே என்று அடுத்த படியில் நினைத்தார். வீட்டில் நேற்று ராத்திரி சாப்பிட வந்தவன் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் எழுந்து போனது ஞாபகம் வந்தது. வயிறு சரியில்லை என்று அக்காவிடம் சொல்லியிருந்தான்.

மச்சினன் பேனாவைத் திறந்து நீட்டினான். இவர் வாங்கவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு அவன் பக்கமே தள்ளினார்.

"நான் போடறேன் மாப்ள. அதுக்கு முன்னாடி, இந்த மெஷின் கேட்டத் தாண்டாதுன்னு பின்னாடி ஒரு வரி எழுதி நீ கையெழுத்துப் போடு."

தனக்கு அந்த அதிகாரம் இல்லை, மேலிடம் சொல்வதைத்தான் செய்ய முடியும் என்று மச்சினன் தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடித்தான்.

"அதிகாரமா எழுத வேணாம். எனக்கு மச்சினனா எழுது. தமிழ்லயே எழுது."

பேனா முனை தாளைத் தொட்டது. மைப்புள்ளி ஒன்று விழுந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. அவன் பேனாவை மூடினான். கீழே மெஷினைத் தூக்குகிற செயின் பிளாக் கடகடவென்று ஏறுகிற சத்தம் கேட்டது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். கொட்டகை வாசலில் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. யூனியன் செயலாளரைக் கூட்டிவரச் சொல்லி வெல்டிங்காரருக்குக் கை காட்டிவிட்டு, நேராகப் போய் லாரியின் பின்னால் நின்றார். டிரைவர் ஹார்ன் அடித்தான். அவர் நகரவில்லை.