டேவிட்சன் கொட்டிய ஃபார்மலின்

மீன் ஏலக் கூடத்தில் டேவிட்சனின் மூக்குக்கு ஒரு மரியாதை உண்டு. பெட்டியைத் திறந்ததுமே, கெடாமலிருக்க ஃபார்மலின் போட்ட மீன் எது, ஐஸில் மட்டும் வந்த மீன் எது என்று சொல்லிவிடுவார். அந்த மரியாதையைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் சொன்னதும் அவர்தான்.

அவர் மனைவி ஈவாஞ்சலினுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் அதை அறுத்தெடுத்து, சின்ன டப்பாவில் மருந்துத் தண்ணீருக்குள் போட்டு, திங்கள் காலை திருநெல்வேலி லேபில் சேர்க்கும்படி டேவிட்சன் கையில் கொடுத்தார்கள். திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படிச் சொன்னால் திறக்காமல் இருக்க அவர் என்ன என்னைவிட நல்லவரா? கொல்லையில் நின்று மூடியைத் திருகினார். நெடி மூக்கில் ஏறியது.

"ஆஸ்பத்திரிக்காரனும் ஆரம்பிச்சிட்டானுவ," என்றார், மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம். "எம் பொண்டாட்டி சதையில ஃபார்மலின ஊத்தி வச்சிருக்கான்."

அதைச் சாக்கடையில் கொட்டினார். சதையை நல்ல தண்ணீரில் போட்டு, ஏற்றுமதி மீனுக்கு அடுக்குவதுபோலச் சுற்றிலும் ஐஸ் அடுக்கினார். ஞாயிறு பூசைக்கு முன்னும் பின்னும் ஐஸ் மாற்றினார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் அவளை ஒருநாளும் அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஈவாஞ்சலினுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு நானும் போனேன். டப்பாவில் இருந்த மருந்து எங்கே என்று லேப் டாக்டர் நஜ்லா கேட்க, டேவிட்சன் பெருமையாகவே விளக்கினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

சதை சிதையாமல் நிற்கத்தான் அந்த ஃபார்மலினாம். புற்றுநோய் என்பது தெரிகிறது, எந்த வகை என்பது தெரியவில்லை. நிணநீர்க் கணுவிலேயே பிறந்ததென்றால் நல்ல மருந்து இருக்கிறது, பிழைக்கலாம். வேறெங்கிருந்தோ பரவி வந்ததென்றால் அதிகம் செய்வதற்கில்லை. பிரித்துச் சொல்ல ஆன்டிபாடிகள் உண்டு; ஒவ்வொன்றும் தனக்குரிய செல்லில் மட்டும் போய் ஒட்டும், ஒட்டிய இடம் பழுப்பாகும், அதை வைத்து வகையைச் சொல்லிவிடலாம். இந்தச் சதை ஊறிக் குழைந்துபோனதால் எந்த ஆன்டிபாடியை விட்டாலும் எல்லா இடமும் ஒரே அழுக்குப் பழுப்பு.

இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார் டேவிட்சன். கழுத்தில் இருந்தது அந்த ஒன்றுதான். மற்றவை நெஞ்சுக்குள், மூச்சுக்குழலை நெருக்கிக்கொண்டு. அவளால் அதற்குள் மல்லாந்து படுக்கவே முடியவில்லை. மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று போன இடமெல்லாம் கையை விரித்தார்கள்.

குத்துமதிப்பாக நல்ல வகைக்கான மருந்தையே ஏற்றினார்கள். மூன்று தடவை. முடி போனது, மூச்சுத் திணறல் போகவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள்.

டேவிட்சன் மறுபடியும் நஜ்லாவிடம் போய் நின்றார். போகாமல் நான் இருப்பேனா?

"அப்போ அது மத்த வகைதானம்மா? நான் கொட்டலன்னாலும் இப்படித்தான ஆயிருக்கும்?"

"சொல்ல முடியாது அண்ணாச்சி. நல்ல வகையிலயும் பல பிரிவு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற."

வீட்டுக்கு வந்தவர், அது மற்ற வகைதான் என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டதாக மனைவியிடம் சொன்னார். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஈவாஞ்சலின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காபி போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்தாள்.

"எக்கா, அவிய பொய் சொல்லுதாவ. இருக்கட்டும். தெருவுல நீங்களும் அப்படியே சொல்லிருங்க. நான் போனப்புறம் அவியள யாரும் ஏசிரக் கூடாது."

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். முன்பு ஃபார்மலின் கதையை நான் சுடச்சுடக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே வீடுகளுக்குத்தான். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. பாவம் என்றார்கள், தலையாட்டினார்கள். நான் படியிறங்கிச் செருப்பு மாட்டுவதற்குள் உள்ளே டேவிட்சன் பெயர் அடிபட்டது.