படிக்கட்டில் பாம்பு

எட்டு மாதமாக அவர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருந்தார். சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. இரண்டாவது மாடியிலிருந்து அவசரத்துக்குத் தப்பிக்கவென்று பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருந்தது. அதில் மேலிருந்து கீழ்வரை அட்டைப்பெட்டிகள். தையல்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அபாயம்'. முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'.

"தீப்பிடிச்சா ரெண்டே நிமிஷத்துல புகை மூடிடும்," என்பார்.

ஸ்டோர் கீப்பர் காதைக் குடைந்துகொண்டே சொல்வார்: "இருபது வருஷமா இங்கதான் இருக்கேன் சார். ஒரு தடவைகூடப் பிடிக்கலையே. இனிமேலா பிடிக்கப்போகுது?"

புள்ளிவிவரம் சொன்னார், கொட்டாவி விட்டார்கள். நோட்டீஸ் ஒட்டினார், அதன் மேலேயே ஒரு பெட்டியைச் சாய்த்து வைத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெட்டி எடுக்கப் போன காலர் தைக்கும் அக்கா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "பாம்பு! பெட்டிக்குப் பின்னாடி பாம்பு!"

அவள் பார்த்தது ஒரு சாண் வால். பட்டன் பிரிவுக்கு வருவதற்குள் அது நாலடி ஆகிவிட்டது. இஸ்திரி மேசையை எட்டும்போது படமெடுத்துச் சீறியது. "ஜோடியா இருக்குமாம்," என்று யாரோ முடித்துவைத்தார்கள். பாம்பு போகாமல் ஒரு மெஷினும் ஓடாது என்று எல்லாரும் எழுந்துவிட, மானேஜரே கையுறை மாட்டிக்கொண்டு பெட்டி தூக்கினார். எட்டு மாதம் நகராதவை பன்னிரண்டே நிமிடத்தில் வெளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தன. கடைசிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது, அறுந்துபோன மெஷின் பெல்ட்.

இதைப் பார்க்கும் பாக்கியம் அபாயத்துக்குக் கிடைக்கவில்லை. தீ, மின்சாரம் எதற்கும் அசையாத மனிதருக்குப் பாம்பு என்றால் மட்டும் குலை நடுங்கும். தன் அறையில், உருளும் நாற்காலியின் மேல் ஏறி நின்றிருந்தார். நாற்காலி உருண்டது. மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "நாற்காலி மேல ஏறாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு?"

"அந்த நேரத்துல நாற்காலியா கண்ணுக்குத் தெரியும்? பாம்புதான் தெரிஞ்சுது."

"நீங்கதான் பாம்பைப் பார்க்கவே இல்லையே!"

அன்று முழுக்க அதையே அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினால், படிக்கட்டில் பெட்டிகள் மறுபடி குடியேறியிருந்தன. "அது வெறும் பெல்ட்தானே சார்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

இந்தத் தடவை அபாயம் புள்ளிவிவரத் தாளை எடுக்கவில்லை. மானேஜர், ஸ்டோர் கீப்பர், காலர் அக்கா மூவரையும் படிக்கட்டின் உச்சிக்குக் கூட்டிப்போய், கண்ணைத் துணியால் கட்டவைத்தார். விழுந்தால் பிடிக்க நாலு பேரைப் பக்கத்தில் நிறுத்தினார். "இதுதான் புகை. இறங்குங்க, நான் ரெண்டு நிமிஷம் எண்ணுறேன்."

இருபது எண்ணுவதற்குள் ஸ்டோர் கீப்பரின் மூக்கு ஒரு பெட்டியில் மோதியது. மானேஜர் திசை தப்பி, வந்த வழியே திரும்பிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அறுபதில் காலர் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு முட்டுது சார், கட்டை அவிழுங்க," என்றாள். அங்கே புகை ஒரு பொட்டுகூட இல்லை.

நூற்றிருபதில் எண்ணுவதை நிறுத்தினார். மூன்றாம் படியை ஒருவரும் தாண்டவில்லை.

ஸ்டோர் கீப்பர் மூக்கைத் தடவியபடி பெட்டிகளைப் பார்த்தார். பிறகு முதல் பெட்டியைத் தோளில் ஏற்றினார்.

"பார்த்துத் தூக்குங்க, முதுகு பிடிச்சுக்கும்," என்றார் அபாயம்.