இரண்டாவது பிராசஸர்

செந்தாமரை கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே இரண்டு பிராசஸர்களின் மேலும் சூட்டை இழுக்க வைத்திருந்த அலுமினியக் கட்டிகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். ஒன்று நன்றாகச் சுட்டது. மற்றது சும்மா கிடந்தது, அடுப்பில் ஏற்றாத பாத்திரம் மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால், சுடுகிற பக்கம்தான் ஒழுங்காக ஓடியது. சுடாத பக்கத்தை நம்பி வேலையைக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் படம் அப்படியே நின்று, மவுஸும் நகராமல், மொத்தப் பெட்டியும் மண்ணாகிவிடும். சூடானது பழுது, குளிர்ந்தது நல்லது என்றுதானே உலகம் சொல்கிறது? இங்கே ஏன் தலைகீழாக இருக்கிறது? காலையிலிருந்து இந்த ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் உலை கொதித்து வழிந்ததுகூட அவள் காதில் விழவில்லை.

அவள் புருஷன் ராஜவேலு விக்கிரவாண்டியில் கேபிள் டிவி நடத்துகிறவன். மாடி அறைதான் ஆபீஸ். அங்கிருந்து போகிற சேனல்களில் ஒன்று உள்ளூர்ச் சேனல், அது செந்தாமரையின் ராஜ்ஜியம். பிறந்தநாள் வாழ்த்து, காணாமல்போன பசுமாடு, கோயிலில் கூழ் ஊற்றும் தேதி எல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓடும். மேலே பாட்டு ஓடும். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டர்தான் பார்த்தாக வேண்டும். எழுத்தை ஓடவிட்டால் பாட்டு திக்கும். பாட்டைச் சரிசெய்தால் எழுத்து நின்றுபோய், வாழ்த்துக் கொடுத்த வீட்டார் வாசலில் வந்து நிற்பார்கள். விழுப்புரத்தில் பெரிய அளவில் கேபிள் நடத்தும் ஒருவர் அந்தச் சேனலைத் தனக்குக் கொடுத்துவிடச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ராஜவேலுவுக்கும் அலுத்துவிட்டது. தீபாவளிக்குள் திக்கல் நிற்கவில்லையென்றால் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டான். செந்தாமரை சண்டை போடவில்லை. அந்தச் சேனல் போனால் ஊரில் தான் வெறும் கேபிள்காரன் பெண்டாட்டி என்பது அவளுக்குத் தெரியும். அதை வாயால் சொல்ல ரோஷம் விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான், ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ஒரு புது சிஸ்டம் இருந்தது. அவளிடம் இருந்த விண்டோஸ் 98, பெட்டிக்குள் எத்தனை பிராசஸர் வைத்தாலும் ஒன்றைத்தான் கண்டுகொள்ளும். இந்தச் சிஸ்டம் அப்படியில்லை. இரண்டு வைத்தால் இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்குமாம். பாட்டை ஒன்று பார்த்துக்கொள்ள, எழுத்தை இன்னொன்று பார்த்துக்கொள்ளுமா? படித்த நிமிடத்திலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் செய்த அமெரிக்கக் கம்பெனி அந்த வருஷமே கைமாறி மூடிப்போய்விட்டது, சந்தேகம் கேட்க நாதியில்லை. சென்னை ரிச்சி தெருவில் இரண்டு பிராசஸர் பூட்டுகிற போர்டைத் தேடி எடுத்துக் கொடுத்த கடைக்காரர், இதில் கோளாறு என்று தன்னிடம் வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பாலிடெக்னிக்கில் படித்த எதுவும் உதவாது என்று தெரிந்தே ஒவ்வொன்றாக அவளே பூட்டினாள்.

இரண்டாவது பிராசஸர் வந்து சேர்ந்தது ஆயுத பூஜையன்று. அதன் மேல் அலுமினியக் கட்டியை வைத்து அழுத்தும் கிளிப் முரட்டுத்தனமானது, அவள் விரலுக்கு மசியவில்லை. கம்பத்தில் ஏறிக் கம்பி இழுக்கிற கைதானே என்று ராஜவேலுவைக் கூப்பிட்டு, சூட்டைக் கட்டிக்குக் கடத்தும் வெள்ளைப் பசையை நடுவில் தடவி, கட்டியை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனாள். சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது திரையில் பிராசஸர்களின் வேலையைக் காட்டும் இரண்டு பச்சைப் பட்டைகள் ஏறி இறங்கின. நாலு ஜன்னலில் நாலு பாட்டு, அடியில் எழுத்து, எதுவும் திக்கவில்லை. செந்தாமரை வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் எல்லாம் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் தினமும் இதே கதைதான். அந்தச் சிஸ்டத்தில் ஒரு வசதி இருந்தது. எந்தப் பிராசஸர் வேண்டாமோ அதை ஓடும்போதே அணைத்து வைக்கலாம். இரண்டாவதை அணைத்தால் நாள் முழுக்க ஓடியது, ஆனால் பழைய திக்கல் வந்துவிட்டது. முதலாவதை அணைத்தால் உடனே படுத்துக்கொண்டது. திண்டிவனம் பிரவுசிங் சென்டருக்குப் போய், அந்தச் சிஸ்டத்தை வைத்திருப்பவர்களின் இன்டர்நெட் குழு ஒன்றில் தெரிந்த இங்கிலீஷில் எழுதிப் போட்டாள். பின்லாந்திலிருந்து ஒருவர், இரண்டு கட்டிகளையும் தொட்டுப் பார்த்து எது சூடு என்று சொல்லச் சொன்னார். தொட்டதில்தான் இந்தப் புதிர்.

உலை வழிந்த வாசனை வந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தவள், அடிப்பிடித்த சோற்றைக் கரண்டியால் கிளறியபோது சட்டென்று நின்றாள். அடியில் காந்தல், மேலே அரிசி வேகவேயில்லை. நடுவில் தடித்துப்போன சோறு சூட்டை மேலே விடவில்லை. அப்படியென்றால் அந்தக் கட்டி குளிர்ந்திருப்பது பிராசஸர் குளிர்ந்திருப்பதால் இல்லை. கீழே அது வெந்துகொண்டிருக்கிறது. சூடு மேலே ஏற வழியில்லை. நடுவில் ஏதோ இருக்கிறது.

யார் வைத்தது? அதைப் பூட்டியது ராஜவேலு. இந்த வாரம் இரண்டு முறை விழுப்புரம் போய் வந்ததும் ராஜவேலுதான். நினைக்கக் கூடாததை அவள் நினைத்தாள். பெட்டி ஓடாமல் போனால் அவனுக்குத்தானே வசதி? இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன் இதையா செய்வான்? செய்யமாட்டான் என்று அடித்துச் சொல்லவும் அவளால் முடியவில்லை, அதுதான் வலித்தது.

ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினாள். கிளிப் தெறித்தது. கட்டியைத் தூக்கினாள்.

வெள்ளைப் பசைக்கு நடுவே, பிராசஸரின் நெற்றியில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் மேல் ஒரு பொட்டுக் குங்குமம்.

ஆயுத பூஜையன்று கட்டிங் பிளேயர், ஏணி, டிஷ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன், புதுப் பெட்டிக்கு மட்டும் வைக்கவில்லையே என்று அன்றைக்கு அவளுக்கு மனத்தாங்கல். வெளியே வைக்காமல், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் வைத்து மூடியிருக்கிறான்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். துடைக்க மனசே வரவில்லை, துடைக்காமலும் முடியாது. மெல்லிசாகப் பசையைத் தடவி, கிளிப்பை இந்த முறை தானே முழு பலத்தோடு அழுத்தினாள்.

ராஜவேலு மத்தியானம் கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது, திரையில் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு கட்டிகளும் ஒரே சூட்டில் இருந்தன. அவன் திரையைப் பார்த்தான். பிறகு மேஜையில் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்த பஞ்சைப் பார்த்தான். தப்பு எங்கே என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

“அதாலதான் நின்னுகினு இருந்துச்சா?”

“ஆமாங்க.”

அவன் சுருளைக் கீழே வைக்க மறந்து நின்றான். “நல்லா ஓடட்டும்னுதான் வெச்சேன். நீ சிரிப்பியேன்னு சொல்லல.”

தான் நினைத்ததை அவனிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, சொல்லவில்லை. “விழுப்புரத்துக்காரருக்கு இன்னா சொல்லப் போறீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் சுருளை இறக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “இன்னொரு பாட்டு போடு, பாக்கலாம்” என்றான். போட்டாள். ஓடியது. “இன்னொண்ணு” என்றான். திரையில் ஜன்னல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் திறந்துகொண்டே போக, பச்சைப் பட்டைகள் இரண்டும் உச்சியை நோக்கி ஏறின. அவன் பெட்டிக்குள் கையை விட்டு, இரண்டாவது கட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, சுட்டும் எடுக்காமல் வைத்திருந்தான்.