கருவாட்டுக்கு ஆகாத ஒயின்

கெட்டுப்போய்விட்டது, சந்தேகமே இல்லை, இத்தாலியிலிருந்து தாம்பரம் வந்து சேர்வதற்குள் புளித்துப் போயிருக்கிறது... சவுரிமுத்து முதல் மடக்கை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எதிரே நின்ற மகளைப் பார்த்தார். நாக்கு சுருங்கியது, வாழைக்காயைத் தோலோடு கடித்த மாதிரி. ஒயின் என்றால் இனிக்க வேண்டாமா? மனைவி செல்லம்மா போடுகிற ஒயின் இனிக்கும். நவம்பர் பிறந்ததும் மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை, ஜீனி, ஒரு பிடி கோதுமை, நாலைந்து கிராம்பு, ஜாடி வாயில் வெள்ளைத் துணி... முதல் ஜாடி போட்டது எண்பத்து நாலா, எண்பத்தைந்தா? கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும் முதல் டம்ளரை அவரிடம் நீட்டிவிட்டு, "எப்படி கீது, சொல்லேன்" என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் கண்ணை மூடிய பிறகு அந்த ஜாடியில் உப்பு கிடக்கிறது. இப்போது அதே இடத்தில் நின்று வாயைப் பார்க்கிறவள் ஞானஜோதி. விழுங்கினார். ஜீனி டப்பாவை நோக்கிக் கை போனது. "அதுல ஜீனி போட்றாதப்பா, சிஸ்டர் கேட்டா அழுதுடுவாங்க. இது சாப்பாட்டோட குடிக்கிறதாம்." சிஸ்டர் என்றால் இவள் நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இத்தாலியிலிருந்து வந்திருக்கிற கன்னியாஸ்திரி. அடியில் வைக்கோல் பின்னிய இந்த கியாந்தி ஒயின் பாட்டிலை அவர்தான் கொடுத்தார். கூடவே ஒரு கேள்வியையும் கொடுத்து அனுப்பினார். ஃபுளோரன்ஸ் பக்கத்தில் முதியோர் இல்லம், நர்ஸ் வேலை, வருகிறாயா? அப்பா சரின்னா போறேன், வேணாம்னா இங்கியே இருக்கேன் என்றுவிட்டாள் இவள், முடிந்தது. நாளைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இவர் வாயில். வாயில் ஒயின்.

சாப்பாட்டோடு என்றால்? குடிக்கிறதுக்குத் தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாட்டை விட்டால் வேறென்ன இருக்கிறது, ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு இன்னொரு மடக்கு. சட்டென்று வாயெல்லாம் இரும்பு. விசில். ஆமாம், விசிலின் ருசி, பீச் ஸ்டேஷன் மின்சார ரயிலில் கார்டாக நின்ற காலத்தில் மழையில் நனைந்து பல்லில் கடித்துக்கொண்டிருந்த விசில்... நர்சிங் படிக்கிறபோது இவள் அப்பா வண்டிதானே என்று கடைசி நிமிஷத்தில் படி இறங்கி ஓடி வருவாள், மணி அடித்தாயிற்று, சிக்னல் விழுந்தாயிற்று, ஆனாலும் இவள் ரெட்டைச் சடை பெட்டிக்குள் மறைகிறவரை அவர் ஊத மாட்டார். "இன்னா சார், வூட்டு வண்டியா?" என்று டீக்கடைக்காரன் கத்துவான். இப்போது ஊத வேண்டியது இவளை அனுப்பிவைக்கவா? இவள் போய்விட்டால் இந்த வீட்டில் மிச்சம் யார்... அவரும் ரேடியோவும்தான்.

"மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? கருவாட்டுக்கு இது ஆகாதுப்பா. கறியோட குடிச்சுப் பாரு." தட்டில் ஆட்டுக்கறி வறுவல், ஓரத்தில் கொழுப்பு மினுங்கியது. மென்றார், குடித்தார். அட. அந்தத் துவர்ப்பு எங்கே? கொழுப்பில் கரைந்து, பின்னால் பழ வாசனையாக எழுந்து வந்தது, இன்னொரு வாய் கேட்டது. "இப்பதாம்மா நல்லா கீது" என்றார், செல்லம்மாவிடம் சொல்கிற அதே குரலில். ஜோதியின் முகம் மலர்ந்தது. பிறகுதான் நாக்குக்கு உறைத்தது. "காரமே இல்லியேம்மா?" "மிளகாய் போட்டா இந்த ஒயின் எரியுமாம்பா. மிளகு, பூண்டு, அவ்வளவுதான்." இன்றைக்கு மட்டுமா? மழை ஆரம்பித்ததிலிருந்து குழம்பில் காரம் குறைந்துகொண்டே வருகிறது, ரசம்கூடச் சப்பென்று... தன் குடல் புண்ணுக்காகத்தான் பெண் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறாள் என்று போன வாரம்கூட பக்கத்து வீட்டு வேதாசலத்திடம் பெருமையாகச் சொன்னார். புண்ணுக்காகத்தானா? இல்லை, இவள் நாக்கு முன்கூட்டியே இத்தாலிக்குப் புறப்பட்டுவிட்டதா? கேட்டால் சொல்லிவிடுவாள், பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. "என்னப்பா, சிஸ்டர்கிட்ட என்ன சொல்லட்டும்?" சவுரிமுத்து அவசரமாக இன்னொரு துண்டுக் கறியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், பெரிய துண்டாக.